தொங்குவிளக்கு, கவிகை, குமிழ்: மூன்றையும் சேர்த்தே முடிவு செய்வோம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

‘பென்டன்ட் லைட்’, அதன் ‘லாம்ப் ஷேட்’, உள்ளே எரியும் ‘பல்பு’ ஆகிய மூன்றுக்கும் தமிழ்ப் பெயர் தேடி வருகிறோம். கூரையிலிருந்து ஒற்றை வயரில் இறங்கி, உணவு மேசைக்கு மேலே நிற்கும் வீட்டு விளக்கைச் ‘சரவிளக்கு’ என்று எழுதலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். நல்ல சொல்தான், ஆனால் இந்தப் பொருளுக்கு அது பொருந்தாது. பூச்சரம், வெடிச்சரம் என்னும்போது பல ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதையே சொல்கிறோம். பல கிளைகளும் கண்ணாடித் தொங்கல்களும் கொண்ட கூடத்து விளக்குக்கு அச்சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

நாம் பெயர் தேடும் பொருளைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ யுவாஸ்கூலா நகரின் கல்லூரி வளாகத்துக்காக 1953இல் வடிவமைத்த விளக்கை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளை வண்ணம் பூசிய அலுமினிய வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்க, இடையிடையே துளையிட்ட மெல்லிய உலோக வளையங்கள் வழியாக வெளிச்சம் கசிகிறது. உள்ளே எரியும் பல்பு பக்கத்திலிருந்து பார்ப்பவர் கண்ணைக் கூசச் செய்வதில்லை. பின்லாந்தின் பின்னிய மொழியில் அதன் பெயரான ‘மெஹிலாய்ஸ்பெசா’வுக்குத் தேனீக்கூடு என்று பொருள். இங்கே கலைஞரின் உழைப்பெல்லாம் பல்பை மறைக்கும் அந்த உறையில்தான் இருக்கிறது என்பதால், தொங்குவதை மட்டும் சொல்லும் ஒரு சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்ள முடியாது.

பின்னிய மொழி இதைக் கையாளும் முறை நமக்குப் பயன்படும். ‘லாம்ப்பு’ என்பது சுவீடிய மொழி வழியாக வந்த கடன்சொல். அன்றாடப் பேச்சில் அதை எல்லாவற்றுக்கும் சொன்னாலும், துறையினர் அதைப் பல்புக்கு ஒதுக்கிவிட்டு, முழு விளக்கமைப்பை ‘வலாய்சின்’, அதாவது ஒளியூட்டும் கருவி, என்று தம் சொந்த வினையிலிருந்து ஆக்கிக்கொண்டார்கள். தொங்குவது ‘ரீப்புவலாய்சின்’, மறைக்கும் உறை, நிழல் என்னும் சொல்லிலிருந்து பிறந்த ‘வர்யோஸ்தின்’. ஒரே குடும்பமாக நிற்பதால் இச்சொற்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை.

நமக்கு ‘விளக்கு’ முழு அமைப்பையும் குறிக்கட்டும். பல்புக்கு இலங்கைத் தமிழர் வழங்கும் ‘மின்குமிழ்’ இருக்கிறது; சுருக்கமாகக் ‘குமிழ்’ போதும். முன்னொட்டுதான் சிக்கல். ‘தூங்கு’ என்பதற்குப் பழந்தமிழில் தொங்குதல் என்ற பொருள் உண்டு. வானில் தொங்கும் கோட்டையைக் குறிக்கும் இலக்கியச் சொல்லான தூங்கெயிலில் அது இருக்கிறது; தூங்கணாங்குருவியில் இன்றும் உயிரோடிருக்கிறது. அந்தக் குருவிக்கூட்டை நினைத்தால் எனக்கே ஆசை வருகிறது. எனினும் ‘தூங்குவிளக்கு’ என்றால் இன்றைய வாசகர் படுக்கையறை இரவு விளக்கு என்றே கொள்வார். ‘தூக்குவிளக்கு’ கோயில்களில் எண்ணெய் விளக்குக்குப் பழகிய பெயர். ஆகவே என் வாக்கு ‘தொங்குவிளக்கு’க்கே. விளக்குக் கடையில் நான் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டபோது, விற்பனையாளர் ஒரு கணமும் தயங்காமல் “ஹேங்கிங் லைட்டுங்களா சார்?” என்று கேட்டு எடுத்துக் காட்டினார். விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளப்படும் சொல்லை நாம் விடக் கூடாது.

உறைக்கு ‘நிழற்குடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டது. ‘மறைப்பு’ மிகப் பொதுவானது. நான் ‘கவிகை’யைப் பரிந்துரைக்கிறேன். கவிந்து நிற்பது என்ற பொருளில் குடைக்கு வழங்கிய பழைய சொல் அது. இன்று அன்றாட வழக்கில் இல்லாததால் வேறு பொருளோடு மோதாது. வடிவத்தையும் மூலப்பொருளையும் அது சார்ந்திருக்கவில்லை. ஹெல்சிங்கியின் சவோய் உணவகத்துக்காக ஆல்ட்டோ 1937இல் வடிவமைத்த மணி வடிவப் பித்தளை விளக்குக்கும், பின்லாந்து வடிவமைப்பாளர் யூக்கி நும்மி 1960இல் அக்ரிலிக்கில் வடிவமைத்த, கடற்காகம் என்று பொருள்படும் ‘லொக்கி’ விளக்குக்கும் அது ஒரே அளவில் பொருந்தும்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: “தொங்குவிளக்கின் கவிகையைக் கழற்றித் துடைத்த பிறகு குமிழை மாற்றவும்.” தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. கூரையில் வயர் இணைப்பைத் தாங்கும் வட்ட மூடியை மின்பணியாளர்கள் ‘சீலிங் ரோஸ்’ என்கிறார்கள். ‘கூரைக் குமிழ்’ என்று எழுதப் போனால் மேலே சொன்ன குமிழோடு மோதுகிறது. வேறு சொல் தோன்றுபவர்கள் எழுத வேண்டுகிறேன்.