23 வேர்ட் கோப்புகள், 23 கோலம்: எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவது எப்படி?

வேலிப்பூவரசு எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு வருகிற ஆண்டு 75 வயதாகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறோம். கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை என்று சொல்லி, வந்த கட்டுரைகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை 23 கோப்புகள். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் பாமினி என்ற பழைய தமிழ்ப் பொன்ட்டில் அடித்துப் பென்டிரைவில் தந்தார், லண்டன் மாமா யுனிகோட்டில் மின்னஞ்சல் அனுப்பினார், ரொறன்ரோவில் இருந்து வந்ததற்குத் தாளின் அளவே வேறு, மிச்சம் நாலைந்து பேர் வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பிவிட்டு "நீ ஒட்டி எடு பிள்ளை" என்கிறார்கள்.

நான் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, தலைப்பைத் தெரிவு செய்து 18 ஆக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைத்து, உபதலைப்பை 14 ஆக்கி, மூன்று இரவு நாரி முறிய இருந்து முடித்தேன். நேற்றுத் தலைவர் வந்து பார்த்துவிட்டு "எழுத்துச் சின்னனாக் கிடக்கு, வயது போன ஆக்கள் வாசிக்க வேணும், கொஞ்சம் பெருப்பி விடு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். திரும்பவும் 23 ஐயும் திறக்க வேண்டுமா? ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாற வழி இல்லையா? ஒரே கோப்பில் ஒட்டுவது நல்லதா, தனித்தனியாக வைத்திருப்பது நல்லதா? என்னிடம் இருப்பது வேர்ட் 2016.

அச்சுமை எழுதியது:

தம்பியா தங்கச்சியா தெரியாது, நானும் பிள்ளை என்றே சொல்கிறேன். பிள்ளை, நீங்கள் செய்தது சுவருக்குச் சுவர் கையால் கோடு கீறியது மாதிரி. வேர்ட்டில் ஸ்டைல் என்று ஒன்று இருப்பதே இதற்குத்தான். தலைப்பை 18 ஆக்காதீர்கள். அதற்கு ஹெடிங் 1 என்ற ஸ்டைலைக் கொடுங்கள். ஹெடிங் 1 எத்தனை பொயின்ற், நடுவிலா ஓரத்திலா என்பதை ஸ்டைலின் உள்ளே ஒரு தடவை சொல்லிவிட்டால் காணும். அந்த ஸ்டைலிலேயே "பேஜ் பிரேக் பிபோர்" என்பதையும் தெரிந்துவிட்டால் ஒவ்வொரு கட்டுரையும் தானாகப் புதுப் பக்கத்தில் தொடங்கும், என்டர் அடித்து அடித்துத் தள்ளத் தேவையில்லை.

முதலில் ஒரு வெறும் கோப்பைத் திறந்து தாள் அளவு, ஓரம், ஹெடிங் 1, ஹெடிங் 2 எல்லாம் ஆறுதலாக அமையுங்கள். உடல் எழுத்துக்கு, வேர்ட்டில் வழமையாக இருக்கிற நோர்மல் ஸ்டைலைத் தொடாமல் புதிதாக ஒரு ஸ்டைல் செய்து "மலர் பந்தி" என்று பெயர் வையுங்கள், ஏனென்றால் நோர்மலை மாற்றினால் அட்டவணை, பக்க எண் என்று அதை நம்பி இருக்கிற எல்லாமே சேர்ந்து ஆடும். இதை வேர்ட் டெம்பிளேற்றாக, அதாவது மாதிரிக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்த டெம்பிளேற்றில் இருந்து புதுக் கோப்புத் திறந்து உள்ளடக்கத்தைக் கொண்டுவந்து ஒட்டுங்கள். ஒட்டும்போது "மேர்ஜ் போர்மற்றிங்" தெரிவு நல்லது, தடிப்பும் சாய்வும் நிற்கும், மற்றக் குப்பை போய்விடும். "கீப் டெக்ஸ்ற் ஒன்லி" என்றால் படங்களும் போய்விடும், கவனம்.

தலைவர் திரும்ப வந்து பெருப்பி விடு என்றால் டெம்பிளேற்றை மட்டும் மாற்றுங்கள். டிவலப்பர் தாவலில் டொக்கியுமென்ற் டெம்பிளேற் என்ற இடத்தில் "ஓட்டோமற்றிக்கலி அப்டேற் டொக்கியுமென்ற் ஸ்டைல்ஸ்" என்று ஒரு பெட்டி இருக்கும், கோப்புக்குக் கோப்பு ஒரே ஒரு தடவை அதில் சரி போட்டுச் சேமித்தால் அதற்குப் பிறகு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் புது அளவை எடுத்துக்கொள்ளும். இதில் மாறுவது ஸ்டைல் மட்டும். ஓரமும் தாள் அளவும் இந்த வழியில் மாறாது, அதனால் அந்த இரண்டையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ரொறன்ரோக் கோப்பு லெட்டர் தாளில் இருக்கும், 216க்கு 279 மில்லிமீற்றர். எங்கட ஏ4 210க்கு 297. அதுதான் உங்களுக்கு வேறாகத் தெரிந்தது.

ஏற்கனவே கையால் போட்ட அளவுகள் ஸ்டைலை மறைத்துக்கொண்டு நிற்கும். முழுவதையும் தெரிவு செய்து கொன்ட்ரோல் ஸ்பேஸ் அடித்தால் எழுத்தில் போட்டது போகும், கொன்ட்ரோல் கியூ அடித்தால் பந்தியில் போட்டது போகும்.

பனங்கூடல் எழுதியது:

ஐயோ பொறுங்கோ பொறுங்கோ, பாமினிக் கோப்பில் கொன்ட்ரோல் ஸ்பேஸ் அடித்துவிடாதீர்கள்! அச்சுமை அண்ணை சொன்னது யுனிகோட்டுக்குச் சரி. பாமினியில் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். தமிழ் என்ற சொல்லைப் பாமினியில் அடித்துவிட்டுப் பொன்ட்டை மாற்றிப் பாருங்கள், ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். ஸ்டைல் கொடுத்தாலும் இதே கதிதான். அதனால் முதலில் பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள், ஸ்டைல் வேலை எல்லாம் அதற்குப் பிறகு. மாற்றும்போது முழுக் கோப்பையும் தூக்கி எழுத்து மாற்றும் கருவியில் போடக் கூடாது. இடையில் ஆங்கிலத்தில் இருக்கிற பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக வந்து விழும். அவற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் தமிழ்ப் பந்திகளை மட்டும் மாற்றுங்கள்.

வட்ஸ்அப்பில் வந்ததில் இரண்டு கரைச்சல். தடிப்பு எழுத்துக்குப் பதிலாகச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி நிற்கும். பந்திக்கு நடுவில் வெறும் வரிகள் வரும், அதற்குத் தேடி மாற்றும் பெட்டியில் ஸ்பெஷல் என்பதை அழுத்தி, பராகிராப் மார்க்கை இரண்டு தடவை தேடச் சொல்லி ஒன்றாக மாற்றுங்கள்.

வேலிப்பூவரசு எழுதியது:

இரண்டு பேருக்கும் மெத்தப் பெரிய உதவி. பனங்கூடல் அண்ணை ஒரு மணித்தியாலம் முந்தி எழுதியிருக்கலாம், ஆசிரியரின் கட்டுரையில் அடித்துவிட்டேன். நல்லவேளை பென்டிரைவில் மூலம் இருக்கிறது.

இப்போது வேறு பிரச்சினை. டெம்பிளேற்றில் மலர் பந்தியை 11 இலிருந்து 13 ஆக்கினேன். கட்டுரைக்குள் இருக்கிற ஆங்கிலச் சொற்கள் பெருத்துவிட்டன, தமிழ் அப்படியே கிடக்கிறது! பொன்ட்டை மாற்றினாலும் அதே கதை. என்ன மாயம் இது?

அச்சுமை எழுதியது:

மாயம் இல்லை, இதை முதலே சொல்லாதது என் பிழை. வேர்ட் தமிழை அரபு, ஹிந்தி மாதிரி கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ற் வகையில் வைத்திருக்கிறது. ஒரே ஸ்டைலுக்குள் ஆங்கிலத்துக்கு ஒரு பொன்ட்டும் அளவும், தமிழுக்கு வேறு பொன்ட்டும் அளவும் உண்டு. நீங்கள் மாற்றியது ஆங்கிலப் பக்கத்தை. ஸ்டைலில் மொடிபை, பிறகு கீழே போர்மற், அதில் பொன்ட் என்று போனால் "லற்றின் டெக்ஸ்ற்", "கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ற்ஸ்" என்று இரண்டு பகுதி தெரியும். இரண்டாவதில் நிர்மலா யூஐயோ லதாவோ போட்டு அளவைக் கொடுங்கள். அந்தப் பகுதியே தெரியாவிட்டால் ஒபிஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு மூடித் திறவுங்கள். ஸ்டைல் சரிவராது என்று கனபேர் கைவிடுவதே இந்த இடத்தில்தான்.

ஒரே கோப்பா என்று கேட்டீர்கள். திருத்தி முடியும்வரை தனித்தனி, கடைசியில் ஒன்று. மலர்க் கோப்பைத் திறந்து இன்சேர்ட், ஒப்ஜெக்ற், "டெக்ஸ்ற் புரம் பைல்" வழியாக வரிசைப்படி உள்ளே எடுங்கள். இரண்டு பக்கமும் ஸ்டைலின் பெயர் ஒன்றாக இருந்தால் மலர்க் கோப்பில் உள்ள அமைப்புத்தான் வெல்லும். உள்ளடக்கப் பட்டியலும் ஹெடிங்கில் இருந்து தானாக வரும். பல கோப்புகளை ஒன்றாகக் கோர்க்கிற வேர்ட்டின் மாஸ்ரர் டொக்கியுமென்ற் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது கோப்பைப் பழுதாக்கி ஒரு இரவு முழுக்க நான் முழித்திருந்திருக்கிறேன்.

வேலிப்பூவரசு எழுதியது:

வேலை செய்கிறது!! 13 ஆக்கினேன், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், எல்லாம் 13. தலைவருக்கும் திருப்தி.

ஆனால் இன்று அச்சகத்தில் கேட்டால், அவர்கள் பேஜ்மேக்கரில்தான் பக்கம் கட்டுவார்களாம், பாமினியில் தரட்டாம். நான் அழுவதா சிரிப்பதா?

பனங்கூடல் எழுதியது:

சிரியுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, அது 2001 இல் வந்தது, யுனிகோட்டே தெரியாது, அதனால்தான் அவர்கள் பாமினியை விடமாட்டார்கள். நீங்களே வேர்ட்டில் பக்கத்தை முடித்து, பொன்ட்டை உள்ளே பதித்துப் பிடிஎப் ஆகக் கொடுத்தால் அப்படியே அடிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஓம் என்றால் மலரின் அளவு என்ன, ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். இல்லை என்றால், பக்கம் கட்டுகிற இன்டிசைன் மென்பொருள் வைத்திருக்கிற இடம் பாருங்கள், வேர்ட் ஸ்டைலின் பெயரை அது பிடித்துக்கொள்ளும். யுனிகோட் மூலத்தை மட்டும் எவருக்காகவும் அழித்துவிடாதீர்கள்.