மாஸ்டர் வாக்குக் கேட்டு வந்த காலம்

யாழ்ப்பாணத்திலிருந்து:

2013 செப்டெம்பர் 21, வடமாகாண சபைக்கான முதல் தேர்தல். எங்களுக்கு உயர்தரத்தில் கணிதம் கற்பித்த மாஸ்டர் யாழ் மாவட்டத்தில் வேட்பாளராக நின்றார். அவருடன் வீடு வீடாகச் சைக்கிளில் போன பழைய மாணவர்களில் நானும் ஒருவன்.

அவர் வாக்குக் கேட்ட விதமே வேறு. முற்றத்தில் அமர்ந்து, பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் வாக்குச்சீட்டை வரைவார். மேலே கட்சிகளின் சின்னங்கள், கீழே வேட்பாளர் இலக்கங்கள். முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு விரும்பிய மூன்று இலக்கங்களுக்குப் புள்ளடி. பென்சிலை அம்மம்மாவின் கையில் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்வார். நான்கு இலக்கங்களுக்குப் போட்டுவிட்டால் இன்னொரு தாளை எடுப்பார். பல வீடுகளில் தன்னுடைய இலக்கத்தைச் சொல்லாமலே எழுந்துவிடுவார். படலையில் நின்று நாங்கள்தான் சொல்வோம்.

கோணப்புலம் முகாமில் ஒரு பெரியவர், "எங்கள் காணிக்கு எப்போது போகலாம், மாஸ்டர்?" என்று கேட்டார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். காணி அதிகாரம், மாகாண சபைகளுக்கு வழிவகுத்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுத்தில் இருக்கிறது, ஆனால் மாகாணத்தின் கைக்குத் தரப்படவில்லை, அதைக் கேட்டு வாதாடத்தான் சபைக்குப் போக வேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தத் தேர்தலில் நான் கேட்டவற்றுள் நேர்மையான பதில் அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

மாஸ்டர் தெரிவாகவில்லை.

வன்னியிலிருந்து, ஓர் ஆசிரியை:

தெரிவாகிப் போன ஒருவரைச் சந்தித்த அனுபவம் என்னுடையது. தொண்டர் ஆசிரியர்களாக ஆண்டுக்கணக்கில் வேலை செய்த நாங்கள் நிரந்தர நியமனம் கேட்டுக் கைதடியில் உள்ள மாகாண சபைக்குப் போயிருந்தோம். முன்பு ஆசிரியராக இருந்த உறுப்பினர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு இருத்தினார். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், விஞ்ஞானத்துக்கு யார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எங்கள் பள்ளிக்கூடத்தை அவ்வளவு நுணுக்கமாக அதுவரை எவரும் விசாரித்ததில்லை. வடக்கின் முதல் கல்வி அமைச்சர் த. குருகுலராசாவும் வலயக் கல்விப் பணிப்பாளராக இருந்தவர்தான். வகுப்பறையின் கஷ்டம் அந்தச் சபைக்குத் தெரியாததல்ல.

ஆனால் மாகாண அரச சேவை நியமனங்களில் சட்டப்படி அதிகாரம் ஆளுநருக்கே. ஆளணிக்கு, அதாவது எத்தனை பணியிடங்கள் என்பதற்கு, கொழும்பின் அனுமதியும் வேண்டும். அந்த உறுப்பினர் இதை மறைக்கவில்லை. எங்கள் மனுவோடு தானும் ஒரு கடிதம் எழுதி, பிரதியை எங்கள் கையில் தந்தார். வாக்குக் கேட்ட மனிதரிடமே போய்க் கணக்குக் கேட்க முடிந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தாமல் ஆண்டுகளைக் கடத்தினார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்புக்காகப் பெற்றோர் ஆளுநர் செயலகத்துக்கு மனு எழுதினார்கள். அந்த ஆளுநரை அவர்களில் எவரும் வாக்களித்துத் தெரிவு செய்யவில்லை.