கைபேசியில் தமிழ்த் திரைக்கதை: எழுதுவதிலிருந்து லொகேஷன் பார்ப்பது வரை

உதவி இயக்குநராக வேலை பார்த்துக்கொண்டே குறும்படங்களுக்கு எழுதி வருகிறேன். கைபேசியிலேயே திரைக்கதையை முடித்து, படப்பிடிப்புக்கும் அங்கிருந்தே தயாராகும் முறை எனக்கு ஓரளவு கைவந்திருப்பதால், தமிழில் எழுதும் நண்பர்களுக்காக அதைப் பகிர்கிறேன்.

திரைக்கதைச் செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. ஒரு வரி முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால்தான் அதைக் கதாபாத்திரத்தின் பெயர் என்று பல செயலிகள் அறிந்துகொள்கின்றன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது என்பதால், பெயரை எழுதி அடுத்த வரியில் வசனத்தை எழுதினாலும் இரண்டும் காட்சி விவரிப்பாகவே சேர்ந்துவிடுகின்றன. ஹாலிவுட் திரைக்கதையாசிரியர் ஜான் ஆகஸ்ட், திரைப்படக் கலைஞர் ஸ்டூ மாஷ்விட்ஸ் ஆகியோரின் முயற்சியில் 2012-இல் வெளிவந்த 'ஃபவுண்டன்' என்னும் எழுத்துமுறையில் இதற்கு வழி இருக்கிறது. பெயருக்கு முன்னால் @ குறியிட்டால் அது கதாபாத்திரம். வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது காட்சித் தலைப்பு. '.உள் - அரிசி மண்டி - காலை' என்று எழுதினால் போதும். இது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் எந்தக் குறிப்புச் செயலியிலும் எழுதலாம், பிறகு கணினியிலும் திறக்கலாம். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் செயலியை நம்பியே இருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் இதன் பெரிய நன்மையாக நான் கருதுகிறேன்.

இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுவதை ஃபவுண்டன் குறிப்பாக எடுத்துக்கொள்ளும். [[பொருள்: பித்தளைத் தராசு]], [[உடை: பள்ளிச் சீருடை]] என்று எழுதும்போதே போட்டுவிட்டால், பின்னர் 'பொருள்' என்று தேடியே கலைத்துறைக்கான பட்டியலை எடுத்துவிடலாம். ஷெட்யூல் போடும் நேரத்தில் முழு ஸ்கிரிப்டையும் மறுபடி புரட்ட வேண்டிய வேலை இதனால் வெகுவாகக் குறைகிறது.

பிடிஎஃப் எடுக்கும்போது கவனம் தேவை. செயலி பயன்படுத்தும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். முதலில் ஒரே ஒரு காட்சியை எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு 12 புள்ளி அளவுள்ள 'கூரியர்' எழுத்துருவில் அமைந்த ஆங்கிலப் பக்கத்தை வைத்து வந்தது. தமிழுக்கு அதை நம்பாமல், வசனத்தை வாய்விட்டுப் படித்து, கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்திலேயே ஒவ்வொரு சீனுக்கும் நேரம் குறிக்கிறேன்.

லொகேஷன் பார்க்கும்போது எனக்கு மிகவும் உதவுவது 'சன் சர்வேயர்' போன்ற செயலி. நாம் நிற்கும் இடத்தில், படப்பிடிப்பு நாளன்று வெயில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்பதை அது கேமரா வழியாகவே காட்டிவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நின்று, நடிகர்களின் கண்குழிகளில் நிழலை நிறைக்கும். அந்த நேரத்தை உட்புறக் காட்சிகளுக்கு ஒதுக்குவதை ஒளிப்பதிவாளரோடு அப்போதே பேசி முடித்துவிடலாம். எந்த லென்ஸில் எவ்வளவு அடங்கும் என்பதற்கு 'ஆர்டெமிஸ்' போன்ற, லென்ஸுக்கேற்ற சட்டகத்தைக் கைபேசித் திரையில் காட்டும் வியூஃபைண்டர் செயலியில் படமெடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாக எழுதும் நம் பழைய இரட்டைப் பத்தி வடிவத்தைக் கைபேசியிலேயே ஒழுங்காக அச்செடுக்கும் வழியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். யாராவது பயன்படுத்தியிருந்தால், எந்தச் செயலி, எந்த எழுத்துரு என்பதைத் தெரிவியுங்கள்.