கல்லிடையிலிருந்து எரிமலைக்கு: பெரியப்பாவின் சைக்கிள் திட்டம்

குழு: ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு காலை 6:10

கல்லிடை பெரியப்பா: குமார், விசா வந்துவிட்டது. ஜூன் இரண்டாம் வாரம் வருகிறேன். பெரியம்மா வரவில்லையாம், குளிரும் என்கிறாள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், பிரான்ஸில் உன் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தப் புய் தெ டோம் எரிமலை உச்சிக்குச் சைக்கிளில் ஏற வேண்டும், அவ்வளவுதான். 2023-ல் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் அங்கே முடிந்ததை ராத்திரி உட்கார்ந்து போனில் பார்த்ததிலிருந்து மனசுக்குள் கிடக்கிறது.

அம்பை மாமா: அத்தான், மணிமுத்தாறு ஏற்றத்தில் போன மாதம் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தது யார்?

கல்லிடை பெரியப்பா: அது செயின் கழன்றது.

பாளை மதினி: குமார் தம்பி இப்போது தூங்கிக்கொண்டிருப்பான் மாமா, அங்கே விடிய இன்னும் நேரம் இருக்கிறது.

காலை 11:05

குமார்: வணக்கம் பெரியப்பா, இப்போதுதான் எழுந்தேன். முதலில் கெட்ட செய்தி. புய் தெ டோம் மேல் சைக்கிளில் ஏற முடியாது. 1465 மீட்டர் மலை அது, உச்சிக்குப் போகும் ரோட்டின் மேலேயே ஊட்டி மலை ரயில் போலப் பல்சக்கர ரயில் பாதை போட்டுவிட்டார்கள், 2012-லிருந்து ரயில் ஓடுகிறது. அப்போதிருந்து அந்த ரோட்டில் நம்மைப் போன்றவர்களுக்கு இடமில்லை. 2023-ல் பந்தயம் வந்தபோதுகூடக் கடைசி 4 கிலோமீட்டரில் பார்வையாளர்கள் யாரையும் விடவில்லை, வீரர்கள் மட்டும் தனியாக ஏறினார்கள், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கல்லிடை பெரியப்பா: ஆமாம், காலியாக இருந்தது. கொரோனா பயம் என்று நினைத்தேன். 1964 பந்தயத்தில் ஆங்க்தீல், புலிதோர் என்ற இரண்டு வீரர்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறிய மலை அல்லவா? இதற்கா நான் விசா வாங்கினேன்.

அம்பை மாமா: ரயிலில் போய்விட்டு வாருங்கள். சைக்கிளை அம்பையிலேயே விட்டுவிடலாம்.

குமார்: மாமா கொஞ்சம் பொறுங்கள். பெரியப்பா, அடிவாரத்தில் செய்சா என்று ஒரு கணவாய் இருக்கிறது, 1078 மீட்டர். அதுவரை சைக்கிளில் போகலாம். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பழைய கோவேறு கழுதைப் பாதை வழியாக நடந்தே உச்சிக்குப் போகலாம், ஒரு மணி நேர ஏற்றம். மேலே ரோமானியர் தங்கள் தெய்வம் மெர்குரிக்குக் கட்டிய கோயிலின் அடித்தளம் கிடக்கிறது.

கல்லிடை பெரியப்பா: மலை உச்சியில் கோயில் என்றால் நம் ஊர்க் கணக்குதான். சரி, பாதி சமாதானம்.

குமார்: ஆனால் அந்த மலையை மட்டும் பார்க்கவா இவ்வளவு தூரம் வருகிறீர்கள்? நீங்கள் தினமும் தென்காசி ரோட்டில் ஓட்டுவதில்லையே, கன்னடியன் கால்வாய்க் கரையில்தானே போகிறீர்கள், லாரி இல்லை, தண்ணீர் பக்கத்தில் ஓடுகிறது, வயல் வாசனை என்று. இங்கேயும் அப்படித்தான் வழி பார்க்க வேண்டும். இந்த மலையும் அடங்கிய எரிமலைப் பூங்கா சும்மா நாலு தெருவல்ல, 1977-ல் அமைத்தது, கிட்டத்தட்ட 3900 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஊர்களும் வயல்களும் மாட்டு மேய்ச்சலும் உண்டு, வேலி போட்ட காடு என்று நினைக்காதீர்கள். பெரிய பெயர் உள்ள கணவாய்களுக்குக் கோடைச் சனி ஞாயிறு மோட்டார் சைக்கிள் கூட்டம் வரும், அதை விட்டுவிட்டால் மற்ற ரோடெல்லாம் உங்களுக்கும் மாட்டுக்கும்தான்.

பாளை மதினி: மாடு குறுக்கே வந்தால்?

குமார்: வேலிக்குள் மேயும் மதினி. கழுத்து மணிச் சத்தம் மட்டும் வரும்.

கல்லிடை பெரியப்பா: வழி சொல்லு. பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டேன்.

குமார்: முதலில் ஒன்று, எங்கள் ஊர் கிளெர்மோன் ஃபெரான் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிமலைகள் நிற்கும் மேட்டுநிலம் 900, 1000. மேற்கே எந்த வழியில் கிளம்பினாலும் முதல் மணி நேரம் ஏற்றம்தான், தப்பவே முடியாது. ருவயா என்ற ஊர் வழியாக டி68 என்ற ரோட்டில் செய்சாக் கணவாய்க்கு ஏறி, மறுபக்கம் இறங்கினால் ஓல்பி, அப்புறம் சின்னச் சின்ன ஊர்களாக ஓர்சிவால். இந்த மேற்குப் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. இடது பக்கம் வரிசையாகக் கூம்பு கூம்பாகப் பச்சை மலைகள், 80 போல, கவிழ்த்து வைத்த இட்லி மாதிரி, சிலவற்றின் தலையில் குழி. 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

அம்பை மாமா: நம் பொதிகையும் எரிமலைதானே, பள்ளியில் படித்த ஞாபகம்.

குமார்: இல்லை மாமா. பொதிகை எரிமலையே கிடையாது. நம் பாறை பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை, பல கோடி வருடப் பழசு. இங்கே இருப்பது அதற்கு எதிர், குழந்தை மலைகள், இங்கே பவான் என்ற ஏரி எரிமலை வெடித்து உண்டானது சுமார் 7000 வருடத்துக்கு முன்தான். உயரத்தில் மட்டும் சொந்தக்காரர்கள் போல இருப்பார்கள், அகத்தியர் மலை 1868 மீட்டர், இந்தப் பூங்காவில் உயரமான சான்சி 1885.

கல்லிடை பெரியப்பா: அகத்தியரை 17 மீட்டரில் முந்திவிட்டார்களா. சரி, ஓர்சிவால் வந்தாயிற்று.

குமார்: அங்கே பழைய கல் கோயில் இருக்கிறது, மாதா கோயில், உள்ளே கொஞ்ச நேரம் உட்காருங்கள். அடுத்து கெரிக் கணவாய்க்கு ஏற்றம், 1268 மீட்டர். ஓர்சிவாலிலிருந்து 400 மீட்டர் ஏற வேண்டும், ஆனால் செங்குத்து இல்லை, வழியில் இரண்டு பெரிய எரிமலைப் பாறைகள் எதிரெதிராக நிற்கும், ஏறும்போது அவற்றைப் பார்க்கிற சாக்கில் நின்று மூச்சு வாங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மேலே ஏரி. அங்கிருந்து மோன் தோர் ஊருக்கு இறக்கம், ராத்திரி தங்கல். மறுநாள் டி996-ல் போக வேண்டாம், அது கார்க்காரர்களின் வழி. டி36-ல் குருவா சான் ரொபேர் கணவாய், 1451 மீட்டர். அதுதான் உங்கள் பயணத்தின் உச்சி, சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி, அங்கிருந்து பெஸ் ஊருக்கு இறங்கினால் பவான் ஏரி பக்கம்.

பாளை மதினி: வரைபடத்தில் எது அமைதியான ரோடு என்று எப்படித் தெரியும்? கூகுள் அதைச் சொல்லாதே.

குமார்: நல்ல கேள்வி மதினி. மிஷ்லின் காகித மேப் வாங்குங்கள், எங்கள் ஊர்க் கம்பெனிதான், சைக்கிளுக்குக் கழற்றி மாட்டும் காற்று டயரை 1891-ல் கொண்டுவந்தவர்கள். அதில் சிவப்பு பெரிய ரோடு, மஞ்சள் அடுத்தது, வெள்ளை சின்னது. சில ரோட்டின் ஓரத்தில் பச்சைக் கோடு இருக்கும், காட்சி அழகு என்று அர்த்தம். எல்லோரும் பச்சைக் கோட்டைத் தேடிப் போவார்கள். நான் கோடே இல்லாத வெள்ளை ரோட்டைத்தான் எடுப்பேன். என் அனுபவத்தில் அழகு ஒன்றும் குறைவதில்லை, வண்டிதான் குறைகிறது.

கல்லிடை பெரியப்பா: காற்று எப்படி? ஆனி ஆடியில் சேரன்மகாதேவி ரோட்டில் எதிர்க்காற்றில் மிதித்தவன் நான்.

குமார்: அப்படியென்றால் இங்கே உங்களுக்கு ஒன்றுமே இல்லை. குளிர்தான் வேறு. 1400 மீட்டரில் வியர்வையோடு நின்றுவிட்டு இறங்கும்போது பல் கிட்டும், ஜூனிலும். ஒரு மழைக்கோட்டு, அது இல்லாவிட்டால் பழைய தினத்தந்தி ஒன்று, சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பை மாமா: தினத்தந்திக்கு இப்படி ஒரு பயன் உண்டென்று இப்போதுதான் தெரிகிறது.

குமார்: இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தண்ணீர். நம் ஊரில் எங்கே நிறுத்தினாலும் வாய்க்கால், அடிகுழாய். இந்தக் கூம்பு மலைகள் மேல் ஓடை கிடையாது, எரிமலைக் கசடு முழுக்க ஓட்டை, பெய்யும் மழை அப்படியே கீழே இறங்கி வடிகட்டி அடிவாரத்தில்தான் ஊற்றாக வரும். வோல்விக் பாட்டில் தண்ணீர் அதுதான். அதனால் மேலே ஓட்டும்போது இரண்டு பாட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். மத்தியானம் ஊர்க் கடைகள் மூடிவிடுவார்கள். தீர்ந்துபோனால் ஊர் ஓரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் போங்கள், பூச்செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள், குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால் சைக்கிள்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள், இங்கே அது சகஜம்.

பாளை மதினி: என்ன?

அம்பை மாமா: சுடுகாட்டுக் குழாயா??

கல்லிடை பெரியப்பா: குமார், நான் கல்லிடையில் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவன்.

குமார்: கல்லறை வேறு, சுடுகாடு வேறு பெரியப்பா. தண்ணீர் ஊர்க் குழாய்த் தண்ணீர்தான். கார்க்காரர்கள் தாண்டும்போது ஊருக்கு வெளியே உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது இங்கே சட்டம், அதை எழுதிக்கொண்டீர்களா?

கல்லிடை பெரியப்பா: அதை நம் டவுன் பஸ்காரனுக்கு மொழிபெயர்த்து அனுப்பு. என் ஹெர்குலிஸ் அங்கே ஏறுமா?

குமார்: ஏறாது. கியர் சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தருகிறேன். இருபத்தைந்து நாள் இருக்கிறது, அதுவரை வாரத்தில் இரண்டு நாள் பாபநாசத்திலிருந்து அகத்தியர் அருவி வரை ஏறிப் பாருங்கள். மாமா கூடப் போங்கள், செயின் மறுபடியும் கழன்றுவிடும்.

அம்பை மாமா: நான் டீக்கடையில் நின்று கொடி காட்டுகிறேன்.

பாளை மதினி: ஆச்சிக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள்: "அந்தக் குழாயைத் தொட்டால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும்."

குமார்: ஆச்சியிடம் சொல்லுங்கள் மதினி, பெரியப்பா குளிப்பதற்கும் அந்த மேட்டில் அதே குழாய்தான்.