டூ-வே ஸ்பீக்கர்: குரல் நடுவுல நிக்கல, ரெண்டு பெட்டியும் சேர்ந்தா பாஸ் காணாமப் போகுது. எங்க பிழை?

கொட்டகலை:
வணக்கம். விவரத்தை முதலே போட்டுடுறேன்.

வூஃபர் (கீழ்ச்சத்தம் பாடுறது) ஆறரை அங்குலம், காகிதக் கூம்பு. 8 ஓம்னு எழுதியிருக்கு, மல்டிமீற்றர் 5.8 காட்டுது. வொய்ஸ் கொயில் இண்டக்டன்ஸ் 0.5 மில்லிஹென்றி, உணர்திறன் 87 டெசிபல். ட்வீட்டர் (மேல்சத்தம் பாடுறது) ஓர் அங்குலப் பட்டு டோம், 8 ஓம், 91 டெசிபல். பெட்டியின் முகப்பு 20 செ.மீ. அகலம், ஆழம் 28. இந்த ரெண்டு ட்ரைவர்களுக்கும் இடையில மையத்துக்கு மையம் 16 செ.மீ.

க்ரொஸ்ஓவர், அதாவது சத்தத்தை ரெண்டு ட்ரைவருக்கும் பிரிச்சுக் குடுக்கிற ஃபில்டர், 2.5 கிலோஹேர்ட்ஸுல, செகண்ட் ஓர்டர் லிங்க்விட்ஸ்-ரைலி வகை. 8 ஓம் போட்டுக் கணக்குப் பார்த்ததில கொயில் 1.0 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 3.9 மைக்ரோஃபரட் வந்துச்சு. வூஃபருக்குச் சின்ன இரும்புக் கோர் கொயில், ட்வீட்டருக்கு ஏர் கோர். இந்த வகைக்குத் தேவையான மாதிரி ட்வீட்டரின் ப்ளஸ் மைனஸைத் தலைகீழாக் கட்டியாச்சு.

ரெண்டு பெட்டியும் சேர்ந்து பாடினா பாஸ் இல்ல, ஒன்ன நிறுத்தினா வருது. குரல் நடுவுல நிக்காம சுவர் பூரா பரவுது. 'ச', 'ஸ' எல்லாம் காதைக் கீறுது. சத்தத்தைக் கூட்டினா நடுப்பகுதி கலங்குது. யூஎஸ்பி மைக்கில அளந்தா வலது பெட்டியில 2.3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஒரு குழி, இடதுல அதே இடத்துல ஒரு மேடு.

பண்டாரவளை:
ஒன்ன நிறுத்தினா பாஸ் வருதுன்னா முதல் சந்தேகம் வயர் மேலதான். வூஃபரைக் கழட்டி 1.5 வோல்ட் பற்றரிய ஒரு நொடி தொட்டுப் பாருங்க. பற்றரியின் ப்ளஸ் வூஃபரின் ப்ளஸ்ஸில பட்டா கூம்பு வெளியே வரணும். ட்வீட்டர்ல இதைச் செய்யவே கூடாது. அடுத்து ஒவ்வொரு ட்ரைவரையும் தனியா அளந்து போடுங்க.

கொட்டகலை:
வலது வூஃபர் உள்ள இழுக்குது அண்ணே! லேபிள் ஒட்டின பக்கத்தை நம்பிப் பத்தவச்சது பிழை. மாத்தினதும் பாஸ் வந்துட்டு, குழியும் பெரும்பாலும் போயிட்டு. ஆனா இப்ப ரெண்டு பெட்டியிலயும் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை மேடு. தனியா அளந்தா வூஃபர் 3 கிலோஹேர்ட்ஸ் தாண்டியும் பாடிக்கிட்டே இருக்கு.

பண்டாரவளை:
பாடத்தான் செய்யும். நீங்க கணக்குப் போட்ட 8 ஓம் அந்த வூஃபர்ல எந்த இடத்துலயும் நிலையா இல்ல. மல்டிமீற்றர் காட்டுற டிசியில 5.8. 2.5 கிலோஹேர்ட்ஸுல 0.5 மில்லிஹென்றி தனியாவே ஏறக்குறைய 7.9 ஓம் எதிர்ப்புக் காட்டும், அதோட சேர்ந்து மொத்தம் 10 ஓம் கிட்டப் போகும். மேல போகப் போகச் சுமை ஏறுறதால ஃபில்டர் சரியா அடங்காம, இறங்கத் தொடங்குற முழங்கால்ல வீங்குது. உங்க மேடு அதுதான்.

இதுக்கு ஸோபெல், அதாவது சுமையைச் சமப்படுத்துற ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், போடணும். ரெசிஸ்டர் 5.8ஐ 1.25ஆல பெருக்கினது, 7.25. கடையில கிடைக்கிறது 7.5. கெப்பாசிட்டருக்கு இண்டக்டன்ஸை அந்த 7.25இன் வர்க்கத்தால வகுத்தா 9.5, அதாவது 10 மைக்ரோஃபரட். ரெண்டையும் தொடரா இணைச்சு வூஃபருக்குக் குறுக்க போடுங்க. அந்த 10 சாதாரண பைபோலார் எலக்ட்ரோலிட்டிக்கா இருந்தா போதும், இங்க காசு கொட்ட வேண்டாம்.

ஸோபெல் போட்ட பிறகு சுமை 5.8 ஓம்தான், 8 இல்ல. புத்தகச் சூத்திரத்தைப் பிடிச்சவங்க பலபேர் இங்கதான் வழுக்குறாங்க.

அடுத்தது முகப்பு. 115ஐ அகலத்தால, மீற்றர்ல, வகுத்தா 575 ஹேர்ட்ஸ். அதுக்குக் கீழ ஒலி பெட்டியைச் சுத்திப் பின்னால போயிடும், திறந்த வெளியில 6 டெசிபல் வரை இழப்பு. தோட்டத்து வீட்டு அறையில பெட்டி சுவருக்குப் பக்கத்துலதான் நிக்கும், அதனால 3 டெசிபல் ஈடு கட்டினாப் போதும். அதை வூஃபர் கொயிலே செய்யும். 1.2 மில்லிஹென்றி போட்டு, குறுக்கே 6.8 மைக்ரோஃபரட் வச்சா 1 கிலோஹேர்ட்ஸுல 3.3 டெசிபல் இறங்கும், அந்த மட்டத்திலிருந்து இன்னும் 6 டெசிபல் இறங்குற இடம் 2.2 கிலோஹேர்ட்ஸ்.

வூஃபரின் மேல்பகுதி இப்ப, 87இல அந்த 3 போக, 84க்குப் பக்கம் வந்துடுது, ட்வீட்டர் 91இல நிக்குது. 'ஸ' கீறுறது அதனாலதான். தொடரா 4.7 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்க 6.8 ஓம், ரெண்டும் 10 வாட் சிமெந்து ரெசிஸ்டர். 7 டெசிபல் குறையும். ரெசிஸ்டர்கள் ஃபில்டருக்கும் ட்வீட்டருக்கும் இடையில வரணும், முன்னால போட்டா ஃபில்டர் கணக்கே மாறிடும். ட்வீட்டர் கொயில் 1.0 அப்படியே இருக்கட்டும், 3.9க்குப் பக்கத்துல 0.82 சேர்த்தா 4.7 ஆகுது.

பதுளை:
இவ்வளவு பாடு எதுக்கு? டிஎஸ்பி (ஃபில்டர் வேலையை டிஜிட்டலாச் செய்யுற பெட்டி) ஒன்னும் இன்னொரு ஆம்பும் வாங்கினா முடிஞ்சுது.

பண்டாரவளை:
முடியும், தாராளமா. ஆனா அவர்கிட்ட இருக்கிறது ஒரே ஆம்ப். வலது வூஃபர் தலைகீழா இருந்ததை டிஎஸ்பியும் தானா சொல்லியிருக்காது.

நானுஓயா:
சத்தம் கூட்டினா கலங்குறது பற்றி யாரும் சொல்லல. சின்ன இரும்புக் கோர் நிறைஞ்சு போச்சுன்னா இண்டக்டன்ஸ் விழும், பாஸ் அடிக்கும்போதெல்லாம் நடுப்பகுதியும் சேர்ந்து ஆடும். ஏர் கோர் நீங்களே சுத்தலாம். மோட்டர் வைண்டிங் கடையில 19 கேஜ் எனாமல் கம்பி கிலோ கணக்குல இருக்கும், ஒரு கொயிலுக்கு 200 கிராம் கேளுங்க. உருளை விட்டம் 30 மி.மீ., ரெண்டு தட்டுக்கும் நடுவுல 25 மி.மீ. 215 சுத்துச் சுத்தி, எல்சிஆர் மீற்றர் (இண்டக்டன்ஸ் அளக்கிறது) வச்சுக்கிட்டு 1.2 மில்லிஹென்றி வரும்வரை அவிழுங்க. 205 பக்கம் நிக்கும். கம்பி 26 மீற்றர், எதிர்ப்பு அரை ஓமுக்குச் சற்று மேல. தட்டுக்கு மரமோ ப்ளாஸ்டிக்கோ போடுங்க. நடுவுல இரும்பு போல்ட்டை விட்டுடாதீங்க, மறுபடி இரும்புக் கோர் ஆகிடும். ரெண்டு கொயிலும் ஒரே பலகையில பக்கத்துல பக்கத்துல படுத்திருந்தா ஒன்னோட காந்தப்புலம் மற்றதுல ஏறும். ஒன்னைப் படுக்கவச்சு மற்றதை நிமிர்த்தி, 15 செ.மீ. தள்ளி வைங்க.

6.8 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டருக்குக் கொழும்பு முதலாம் குறுக்குத்தெரு வரை ஓட வேண்டியதில்ல. சீலிங் ஃபேன் கெப்பாசிட்டர் 2.5 மைக்ரோஃபரட் பொலிப்ரொப்பிலீன்தான். நம்ம ஊர்க் குளிருக்கு ஃபேன் யார் போடுறா, ஆனா ஹார்ட்வெயார் கடையில இருக்கும். வூஃபர் பக்கம் இருந்த 3.9ஓட சேர்த்தா 6.4, அந்த வித்தியாசம் பிரச்சினையில்ல.

இன்னொன்னு: மூடுபனிக் காலத்துல எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்தின பலகை) வெட்டுமுகம் ஈரம் குடிச்சு ஊதும். தண்ணி கலந்த மரப்பசையை வெட்டுமுகத்துலயும் போர்ட் ஓட்டையிலயும் ரெண்டு தரம் பூசுங்க. ட்ரைவர் கம்பியைக் கிளிப்ல சொருகி விடாம பத்தவச்சுடுங்க, கிளிப் கறுத்தா விட்டு விட்டுக் கரகரக்கும்.

கொட்டகலை:
எல்லாம் செஞ்சாச்சு, மேடு போயிட்டு. இப்ப ரிவர்ஸ் நல் பார்த்தேன், அதாவது ட்வீட்டர் வயரை மாத்திப் போட்டு அளக்கிறது. 2.2 கிலோஹேர்ட்ஸுல 20 டெசிபலுக்கு மேல குழி வரணும்னு படிச்சது, வந்தது ஏழுதான். முன்ன இருந்த மாதிரியே கட்டி உக்காந்து கேட்டா நல்லாயிருக்கு, எழும்பி நின்னா குரல் மெலியுது. மைக் 1 மீற்றர் தள்ளி, தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்துல.

பண்டாரவளை:
அந்த உயரத்துக்குத் தரை எதிரொலி 4.6 மில்லிசெக்கன் கழிச்சு வரும். எதிரொலி வர முன்ன அளவை வெட்டுற கேட்டை 4.5இல வச்சா 220 ஹேர்ட்ஸுக்கு மேல உள்ளதை நம்பலாம், அளவு சரி.

குழி ஆழமா வராததுக்குக் காரணம் ட்ரைவர் இருக்கும் இடம். டோம் முகப்போட நிக்குது, வூஃபரின் ஒலி கூம்புக்குள்ள இருந்து, இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட 25 மி.மீ. பின்னால இருந்து வருது. 2.2 கிலோஹேர்ட்ஸுல அலைநீளம் 15.5 செ.மீ., ஆக 58 பாகை பிந்துது. நீங்க எழும்பினா வூஃபர் இன்னும் தூரமாகும், இன்னும் பிந்தும்.

பெட்டியைப் பின்னுக்குச் சாய்ச்சா ட்வீட்டர் பின்னால போகும். 16 செ.மீ. இடைவெளியில 25 மி.மீ. ஈடுகட்ட 9 பாகை. பெட்டி ஆழம் 28 ஆனதால முன்பக்க அடியில 4.5 செ.மீ. கட்டை வைங்க, மைக்கை அசைக்காதீங்க, திரும்ப அளங்க.

கொட்டகலை:
4.5இல குழி 17 டெசிபல். 5 செ.மீ. கட்டையில 24.

பண்டாரவளை:
அப்ப 5ஐயே வைங்க. ட்வீட்டர் வயரைத் திரும்ப முன்ன இருந்த மாதிரி மாத்த மறந்துடாதீங்க. கட்டைக்கு அடியில ரப்பர் ஒட்டி, பின்விளிம்பு வழுக்காம ஒரு சட்டமும் அடிங்க.