கார்க் கைப்பிடி கறுக்குது, குழி விழுது: தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பொழிக்கரை

அண்ணன்மாரே, தேங்காப்பட்டணம் பொழிமுகத்துல (ஆறு கடல்ல சேர்ற இடம்) மீன் பிடிக்கப் போடுற 8 அடி ஸ்பின்னிங் ராடு, அதாவது ரீல் மாட்டின தூண்டில் கம்பு, கைப்பிடி முழுக்க கார்க். இடவப்பாதி மழை தொடங்கினதுல இருந்து கறுப்புப் புள்ளி விழுது. துணியால துடைச்சாப் போகல. ரீல் மாட்டுற ரீல் சீட்டை ஒட்டி, ஆள்காட்டி விரல் படுற இடத்துல கடுகு அளவுல நாலஞ்சு குழி. சாளை வெட்டின கையோட பிடிக்கிறதால நாத்தமும் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவினா வெடிக்காதுன்னு சொல்றாங்க, சரிதானா? குழியை எதை வச்சு அடைக்கலாம்? கார்க் பொடி இங்க எந்தக் கடையிலும் கிடைக்கல.

குழித்துறை பட்டறை

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம் தம்பி. அது காயாத எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் காத்துல இறுகிப் படலம் ஆகும், தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் பிசுக்காவே கிடக்கும். மணலும் மீன் செதிலும் அதுல ஒட்டும், நாள்பட்டா காறல் வாடை வரும், பூஞ்சைக்கும் தீனி.

கார்க்குக்கு எண்ணெய் ஊட்ட வேண்டிய அவசியமும் இல்ல. அது ஓக் மரத்துப் பட்டை. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கோடி மூடின அறைகள், உள்ள காத்து, சுவர்ல மெழுகுத் தன்மை. தண்ணி அதுக்குள்ள லேசுல போகாது. கெட்டுப்போறது பட்டையில இயற்கையா இருக்கிற துளையை அடைக்கத் தொழிற்சாலையில வைக்கிற பூச்சுதான். உங்க குழி எல்லாம் அந்தப் பூச்சு உதிர்ந்த இடம்.

முதல்ல சுத்தம் பண்ணுங்க. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம் போதும். மென்மையான டூத் பிரஷ்ல வட்டமாத் தேய்ங்க. அழுக்கு விடலைன்னா மெலமைன் ஸ்பாஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு தேய்ங்க. அது மிக நைசான உப்புத்தாள் மாதிரி அரைக்கும், அதனால அழுத்தக் கூடாது. ஊற வைக்காதீங்க, ஓடுற தண்ணியில அலசினா போதும்.

கறுப்புப் புள்ளி பூஞ்சை. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சு அஞ்சு நிமிஷம் ஒத்தி வைங்க. நூல் சுத்தின வார்னிஷ் பக்கம் பட வேண்டாம். பிளீச்சிங் பவுடர், தின்னர், அசிட்டோன் மூணும் கூடவே கூடாது. பிளீச் கார்க்கை வறட்டி மேல்பரப்பை அரிக்கும், மத்த ரெண்டும் பூச்சையும் வார்னிஷையும் இளக்கிடும்.

காய வைக்கிறது நிழல்ல, ஃபேன் காத்துல, ஒரு நாள் முழுசா. வெயில்ல வச்சா கார்க் சுருங்கி மிச்சமிருக்கிற பூச்சும் எகிறும்.

கொல்லங்கோடு

குழி அடைக்குறதுக்கு முன்னாடி அது நிஜ வளையக் கார்க்கானு பாருங்க. நல்ல கைப்பிடியில ஏறத்தாழ 12 மி.மீ.க்கு ஒரு வளைய மூட்டு நேரா குறுக்கே ஓடும். அப்படி இல்லாம சாய்வா ஒரு நீளமான தையல் கோடு மட்டும் தெரிஞ்சா, ஃபோம் மேல சுத்தின மெல்லிய கார்க் தாள். அதுல உப்புத்தாள் போட்டா ஓட்டை விழுந்திடும். சுத்தம் பண்ணுறதோட நிறுத்திக்கோங்க.

கார்க் பொடிக்கு ஷட்டில் கோர்ட்டுல போய்ப் பாருங்க. இறகு ஷட்டிலோட தலை கார்க்தான். மேல ஒட்டின வெள்ளைத் தோலை உரிச்சு 120 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சுப் பொடி எடுத்து, டீ வடிகட்டியில சலிச்சுக்கோங்க. நைலான் ஷட்டில் வேண்டாம், பலதுலயும் தலை ஃபோம். கிரிக்கெட் கார்க் பந்தும் ஆகாது, ரப்பர் கலந்தது.

குழிக்குள்ள ஆடுற பழைய பூச்சைப் பல் குச்சியால முழுக்கக் கிளறி எடுத்திடுங்க. விட்டா புதுசும் அதோட சேர்ந்து வந்திடும். பொடி மூணு பங்கு, ஃபெவிகால் மரைன் ஒரு பங்கு, சப்பாத்தி மாவு பதம். சாதா வெள்ளைப் பசை தண்ணியில இளகும், அதனால மரைன்தான் வேணும். பசை கூடினா காய்ஞ்சதும் இடம் கறுப்பாத் தெரியும். அழுத்தித் திணிச்சு 1 மி.மீ. மேலாக விடுங்க, காயும்போது இறங்கும். 3 மி.மீ.க்கு மேல ஆழம்னா ரெண்டு தவணை.

24 மணி நேரம் கழிச்சு ராடுலயும் ரீல் சீட்டுலயும் மாஸ்கிங் டேப் மூணு சுத்து. முதல்ல 220 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 400. தாளை 2 செ.மீ. பட்டையா வெட்டி, கைப்பிடி மேல பாதி சுத்தி, ரெண்டு முனையையும் மாறி மாறி இழுங்க. ராடைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா ஒரு பக்கம் தட்டையாகும்.

பொழிக்கரை

தெளிவாச்சு அண்ணே. மேல ஏதாவது பூசணுமா? கைப்பிடியோட பின்பக்கம் லேசா சுத்துற மாதிரியும் இருக்கு.

குழித்துறை பட்டறை

கார்க்குக்குன்னே வர்ற யூரித்தேன் சீலர் கிடைச்சா மெல்லிசா ரெண்டு கோட். பளபளப்பு வர்ற அளவுக்குப் போடாதீங்க, ஈரக்கையில வழுக்கும். அது இல்லன்னா பெயிண்ட் கடையில கிடைக்கிற காய்ச்சின ஆளிவிதை எண்ணெய். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கு ஆகும். துணியில ரெண்டு சொட்டு எடுத்துத் தேய்ச்சு, பத்து நிமிஷத்துல மிச்சத்தைத் துடைச்சிடுங்க. அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீங்க. காயும்போது சூடு கிளம்பித் தானா தீப்பிடிக்கும். தண்ணியில முக்கி வெளியில விரிச்சுக் காய வைங்க.

பின்பக்கம் சுத்துதுன்னா உள்ள பசை விட்டிருக்கு. கைப்பிடி விட்டத்துல இருந்து ராடு விட்டத்தைக் கழிச்சுப் பாதியாக்குங்க. கைப்பிடி 26 மி.மீ., ராடு 12 மி.மீ.ன்னா கார்க் கனம் 7 மி.மீ. டிரில் பிட்ல 5 மி.மீ.ல டேப் அடையாளம் வச்சு அதுவரை மட்டும் துளை போட்டு, மிச்சத்தை ஊசியால குத்துங்க. உள்ள இருக்கிற ராடோட கார்பன்ல பிட் பட்டா அந்த இடத்துலயே ராடு ஒடியும். மெதுவா இறுகுற அரால்டைட்டை (எபாக்சி பசை) சிரிஞ்ச்ல ஏத்துங்க. அஞ்சு நிமிஷத்துல இறுகுறது உள்ள பரவ நேரம் தராது. துளையை அதே கார்க் மாவால அடைச்சிடுங்க.

கொல்லங்கோடு

ஒண்ணு விட்டுப்போச்சு. கைப்பிடி மேல கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் இருந்தா இன்னிக்கே கிழிச்சு எடுங்க. அதுக்கடியில வேர்வையும் உப்புத் தண்ணியும் தங்கித்தான் இந்த மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்குது, ரீல் சீட்டும் துருப்பிடிக்கும். பொழியில இருந்து வந்ததும் ரீலைக் கழட்டி, நல்ல தண்ணியில அலசி, மறுநாள்தான் ராடைப் பையில போடணும்.