2 ஜிபி நினைவகத்தில் எல்எக்ஸ்கியூடி: கருத்து அனுப்பும் முன் எவற்றைச் சரிபார்ப்பது?

பழையகணினி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பயனின்றிக் கிடந்த, 2 ஜிபி நினைவகமும் பழைய வன்தட்டும் கொண்ட மடிக்கணினி ஒன்றில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, எல்எக்ஸ்கியூடி 2.1 பணிமேடையை (சாளரங்கள், பட்டிகள் அடங்கிய திரைச் சூழலை) சோதித்து வருகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்க வருபவர்கள் பழைய வினாத்தாள்களைப் பார்க்கவும் தமிழில் குறிப்பெழுதவும் அது உதவ வேண்டும். உள்நுழைந்தவுடன் ஏறத்தாழ 450 எம்பி நினைவகமே செலவாகிறது. ஆனால் ஃபயர்பாக்ஸில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தால் வன்தட்டு விளக்கு அணையாமல் எரிகிறது. சுட்டியும் நகர மறுக்கிறது. மேலும், எஃப்சிடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை ஃபயர்பாக்ஸில் ஒழுங்காக இயங்கினாலும், ஃபெதர்பேட் என்ற உரைத் திருத்தியில் ஆங்கில எழுத்துகளே விழுகின்றன. இவை பணிமேடையின் குறைகள்தாமா என்று தெரிந்துகொண்ட பிறகே உருவாக்குநர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

கெர்னல்வாசி:
வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட 450 எம்பி என்ற அளவைத்தான் மதிப்புரைகள் எல்லாம் ஒப்பிடுகின்றன. என் பார்வையில் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கத் தேவையில்லை. எல்எக்ஸ்கியூடிக்கும் எக்ஸ்எஃப்சிஇ என்ற மற்றொரு பணிமேடைக்கும் உள்ள நினைவக வேறுபாட்டை, கனமான ஒரே ஓர் இணையப் பக்கம் விழுங்கிவிடும். கணினி திணறும் நேரத்தில் முனையத்தில் 'விஎம்ஸ்டாட் 1' கட்டளையை ஓடவிட்டு, 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரு நெடுவரிசைகளைக் கவனியுங்கள். அவற்றில் சுழியம் அல்லாத எண்கள் தொடர்ந்து வந்தால், நினைவகத்தில் இடமில்லாமல், இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகத் துண்டுகளை வன்தட்டுக்கு அனுப்பியும் திரும்ப எடுத்தும் கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் எந்தப் பணிமேடையை நிறுவினாலும் திணறல் நீங்காது.

'இசட்ரேம்-டூல்ஸ்' தொகுப்பை நிறுவிப் பாருங்கள். வெளியேற்ற வேண்டிய துண்டுகளை அது நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைப்பதால், வன்தட்டை நாடும் தேவை வெகுவாகக் குறையும். செயலிக்குச் சற்றுக் கூடுதல் வேலை உண்டு என்றாலும் இத்தகைய கணினியில் அது பெரும்பாலும் இலாபமே. பிறகு அதே இணையப் பக்கங்களை அதே வரிசையில் திறந்து ஒப்பிடுங்கள்.

தமிழ்99பயனர்:
தட்டச்சுச் சிக்கலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் வெளியான 2.0 பதிப்பிலிருந்து எல்எக்ஸ்கியூடி, சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் கியூடி நூலகத்தின் 6ஆம் பதிப்புக்கு மாறிவிட்டது. எஃப்சிடிஎக்ஸ்5 ஒவ்வொரு நூலகத்துக்கும் தனித்தனி இணைப்புக் கூறு வைத்திருக்கிறது. ஃபயர்பாக்ஸ் ஜிடிகே என்ற வேறொரு நூலகத்தின் வழியில் செல்வதால் அங்கே தமிழ் வருகிறது. 'எஃப்சிடிஎக்ஸ்5-ஃப்ரண்ட்எண்ட்-கியூடி6' உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்தப் பரிந்துரைத் தொகுப்புகளைத் தவிர்த்து நிறுவுபவர்களிடம் இது விடுபட்டுப் போவதுண்டு. நிறுவிய பின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

பழையகணினி:
இருவருக்கும் மிக்க நன்றி. கியூடி6 கூறுதான் இல்லாமல் இருந்தது. இப்போது ஃபெதர்பேடில் தமிழ் வருகிறது. திணறும்போது அந்த இரு நெடுவரிசைகளிலும் எண்கள் ஓயாமல் ஓடின. இசட்ரேம் நிறுவிய பின் வினாத்தாள் கோப்பும் மூன்று பக்கங்களும் ஒருசேரத் திறந்திருந்தும் சுட்டி தடையின்றி நகர்கிறது. காணொளிப் பக்கங்கள் இன்னும் கடினம்தான். எஞ்சியிருப்பது ஒன்று: பலகத்தின் (திறந்த சாளரங்களைப் பட்டியலிடும் பட்டையின்) உயரத்தைக் குறைத்தால், சாளரத் தலைப்புகளில் 'கு', 'மூ' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுகிறது. ஆங்கிலத் தலைப்புகளில் அப்படி நேர்வதில்லை.

சோதனைமேசை:
உருவாக்குநர்களிடம் கொண்டுசெல்ல வேண்டியது இதைத்தான். தமிழ் எழுத்துகள் கீழே இறங்கும் அளவை ஆங்கிலத்தை மட்டும் பயன்படுத்துபவர் ஒருபோதும் கண்டிருக்க மாட்டார். நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

அனுப்பும் முன், புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதிலும் நிகழ்கிறதா என்று பாருங்கள். உங்கள் பழைய அமைப்புகளின் தலையீடு இல்லை என்பது அப்போதுதான் உறுதியாகும். லோஹித், நோட்டோ ஆகிய இரு தமிழ் எழுத்துருக்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வெட்டுப்பட்டால் குறை எழுத்துருவிலும் இருக்கலாம். எல்எக்ஸ்கியூடி, கியூடி பதிப்பு எண்கள், பலகத்தின் உயரம், எழுத்துருவின் பெயரும் அளவும், அமர்வு இயங்கும் காட்சி அமைப்பு எக்ஸ்11ஆ வேலேண்டா என்ற விவரம், திரைப்பிடிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் 'எல்எக்ஸ்கியூடி-பேனல்' களஞ்சியத்தில் பதியுங்கள். முன்பே யாரேனும் பதிந்திருந்தால் அதன் கீழேயே உங்கள் படத்தை இணையுங்கள். இசட்ரேம் விவரத்தை அதில் கலக்க வேண்டாம். ஒரு பதிவில் ஒரு குறை மட்டும் இருந்தால்தான் அவர்களால் அதைச் சோதித்து முடித்துவைக்க முடியும்.